ஏழாவது பாயிண்ட்

நெய்தல் கோளில் கடல் தினமும் இரண்டு முறை காணாமல் போகும். மூன்று நிலவுகளும் ஒரே பக்கமாக இழுக்கும்போது தண்ணீர் நாற்பது கிலோமீட்டர் பின்வாங்கும். அது திரும்பி வர ஆகும் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுற்றுலா வேன்கள் செங்குத்தான பாறைக்கரையிலிருந்து கடலின் தரைக்கு இறங்கி, குகை, உப்புத்தூண், நீராவி ஊற்று என்று ஏழு பாயிண்ட்டுகளைக் காட்டிவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். வேற்றுக்கோளுக்கே குடிவந்தாலும் நம் ஆட்களுக்குப் பாயிண்ட் பாயிண்ட்டாகப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி.

ஆவுடையப்பன் ஆறு பார்த்துவிட்டான். நேரமில்லை, திரும்பலாம் என்றது வேனின் இயந்திரக் கைடு.

"போன லீவுல சிதம்பரநாதன் ஆறு பாத்துட்டு வந்து ஆபீஸ்ல என்ன அளப்பு அளந்தான் தெரியுமா? நானும் ஆறோட போனா மூஞ்சிய எங்க வச்சுக்கிட?" என்று மனைவி கோமதியிடம் சொல்லிவிட்டு, ஏழாவதான இரட்டைப்பாறையை நோக்கி ஓடினான். பாதி வழியில் ஒரு கால் பாறைப்பிளவுக்குள் முழங்கால்வரை இறங்கி மாட்டிக்கொண்டது.

கோமதியும் கைடும் ஓடிவந்து இழுத்தார்கள். வரவில்லை. தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"ஒன்பது நிமிடத்தில் தண்ணீர் இங்கே வந்துவிடும்" என்றது கைடு. "முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிடலாம். மேலே மருத்துவமனையில் புதுக்கால் வளர்த்துக் கொடுப்பார்கள். ஆறு மாதம் ஆகும். சம்மதமா?" அதன் கையிலிருந்து வெட்டுக்கத்தி வெளியே வந்தது.

"வெட்டச் சொல்லு கோமு" என்று ஆவுடையப்பன் அழுதான்.

"வாய மூடுங்க. ஏழு வேணும்னு குதிச்சது நீங்கதான?"

பதினெட்டு வருடத்தில் சண்டை போடாத நாளில்லை. ஆனாலும் அவன் அவளுக்கு முழுசாக வேண்டும். வேனுக்கு ஓடினாள். இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைக்க எடுத்து வந்திருந்த நல்லெண்ணெய் பாட்டிலோடு திரும்பினாள். அதற்குள் வெள்ளைக் கோடு சுவராகியிருந்தது. இரைச்சல் காதை அடைத்தது. காலைச் சுற்றி எண்ணெய் முழுவதையும் ஊற்றினாள்.

"இப்ப இழு" என்றாள் கைடிடம்.

பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட, தோல் உரிந்த கால் மட்டும் வெளியே வந்தது. வேன் மேட்டில் ஏறி முடித்தபோது பின்சக்கரங்கள் நனைந்திருந்தன.

மறுநாள் கட்டுப்போட்ட காலோடு ஆவுடையப்பன் கரைமேல் நின்று கீழே பார்த்தான். இரட்டைப்பாறைப் பக்கம் ஓர் ஆள்கூட இல்லை. பிளவுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது.

"எட்டாவது பாயிண்ட், கால் சிக்கிய இடம். ஆளுக்கு அரை நிமிடம்" என்று கைடுகள் அறிவித்தது, கீழே இருப்பவர்களோடு பேச அவன் காதில் பதித்திருந்த பேச்சுச்சில்லிலும் கேட்டது. ஒவ்வொருவராகக் காலை விட்டு எடுத்தார்கள். நேரமாகிவிட்டது, புறப்படுங்கள் என்று கைடுகள் கெஞ்சத் தொடங்கின. "இவ்வளவு தூரம் வந்துட்டு இத விட்டுட்டா போறது?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். யாரும் நகரவில்லை.

அப்போது பிளவருகே நின்ற ஒருவர் அண்ணாந்து, காலில் இருந்த கட்டைப் பார்த்து அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், நீங்கதானே அது? எந்தக் கால் சார், வலதா இடதா?"

ஆவுடையப்பன் கோமதியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முறைத்தாள். தொலைவில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்திருந்தது.

"வலது" என்றான் அவன். பிறகு கைப்பிடிக் கம்பிமேல் எட்டிப் பார்த்து, "அப்படி இல்ல சார். இன்னும் கொஞ்சம் உள்ள விடணும்" என்றான்.