மேஸ்திரி இல்லாமல் ஒரு சம்மதம்

மைசூரு புறநகர்ப் பேருந்து நிலையத்தில் மழை... சும்மா மழையா அது? குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிற மழை! தூணோரமாக ஒதுங்கி நின்ற தமிழ்ப்ரியா, போனில் தோழி தீபாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"கட்டட வேலைக்கு வந்த நம்ம சனங்க ஷெட்டுல எப்படிக் குடியிருக்காங்க, வயசானவங்கள யாரு பாத்துக்கறாங்க... இதக் கேக்கறது தப்பாடி? மேஸ்திரியே எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டாரு, எழுத்துலயும் சம்மதம் வாங்கித் தர்றேன்னுட்டாரு. ஆனா யுனிவர்சிட்டி நெறிமுறைக் குழுவுல எவனோ ஒருத்தன் ஒத்துக்கலையாம்! அனுமதி வராம ஆராய்ச்சியே தொடங்க முடியாது. என் படிப்பே நிக்குது. அவன் மட்டும் கையில கெடச்சான்..."

"கெடச்சுட்டேங்க."

திரும்பினாள். பாதி நனைந்த வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் கோட்டு... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். ஐயோ, அந்தக் கண்கள்!

"மதன், வக்கீல். அந்த எவனோ ஒருத்தன் நான்தான்."

தீபா போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள் தமிழ்ப்ரியா, கொள்ளேகால்காரியின் வீறாப்பு குறையாமல். "அப்படி என்னங்க குத்தம் கண்டீங்க?"

"ஷெட்டு குடுக்கறது மேஸ்திரி. அவரு பக்கத்துல நின்னா யாருங்க மாட்டேன்னு சொல்லுவாங்க? நானும் ஷெட்டுல வளந்தவன்தான். எங்கம்மா எங்க மேஸ்திரி முன்னால எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, உள்ள வந்து அழுவாங்க."

"வக்கீலுக்குப் பேசச் சொல்லியா தரணும்!"

வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். ஆனால் பார்த்திராத அவன் அம்மா, வழியெல்லாம் அவள் நினைவில் கூடவே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி இல்லாத நேரமாகப் பார்த்து, ஷெட்டுக்குத் தனியாகப் போனாள். அவர் நிற்க வைத்துக் கேட்ட அன்று முதல் ஆளாகத் தலையாட்டிய பாப்பாத்தியக்கா, இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு நின்னாருங்களே அம்மணி... வேண்டாம்னா ஷெட்டக் காலி பண்ணுன்னு சொல்லிப்போட்டா? நடக்க மாட்டாத மாமியார வச்சுக்கிட்டு நான் எங்கீங்க போறது?"

தமிழ்ப்ரியா அந்தக் கையை விடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு பெரிய தப்பு செய்ய இருந்தேன்! அந்த வக்கீல் தடுத்தாரே... நன்றாக இருக்கட்டும்!

எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். மேஸ்திரி பக்கத்தில் இருக்கமாட்டார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பாள். வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் எழுந்தும் போகலாம். அனுமதி வந்துவிட்டது! கூடவே ஒரு சேதியும் வந்தது. அவள் மாற்றி எழுதிய விண்ணப்பத்தைக் குழு பரிசீலிக்கும் முன்பே மதன் அதிலிருந்து விலகிக்கொண்டானாம்.

கோபமோ...? ஏனோ மனசு கனத்தது.

மறுநாள் தூறலில், நஞ்சன்கூடு வாழைப்பழம் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு வாசலுக்கே போய்விட்டாள்.

"உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேங்க. பாப்பாத்தியக்காவுக்கும் சேத்து. ஆனா... எதுக்கு விலகினீங்க? என்மேல அவ்வளவு கோவமா?"

மதன் சீப்பை வாங்கிக்கொண்டு வாழைப்பழத்தைப் பார்த்தான்... தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு மழையில உங்களப் பாத்தப்புறம்... என்னால நடுநிலையா இருக்க முடியலைங்க."

தமிழ்ப்ரியாவின் காது மடல் சிவந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" அவன் சீப்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்னு சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. எப்ப வேணும்னாலும்..."

"போதுங்க வக்கீலய்யா! இங்க எந்த மேஸ்திரியும் நிக்கல. கேளுங்க."

"என்னைப் புடிச்சிருக்கா?"

அவள் மெல்லத் தலையாட்டினாள். அவன் இன்னும் நம்பாமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது யாருக்கும் பயந்து ஆட்டினதில்லைங்க... நானா ஆட்டினது."