கோடு போட்டு அழித்த ஐந்தாவது சந்தேகம்

"ஏழாம் நம்பர் என்னோட இடம்ங்க..."

நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றபடியே செல்லக்கனி சொன்னாள். நாற்காலியில் இருந்தவன் திரும்பினான். அடடா... என்ன கண்கள்! மழை விட்ட பிறகும் இலை நுனியில் தங்கி, இப்போது விழுமோ இப்போது விழுமோ என்று பார்க்க வைக்கும் துளி மாதிரி...

"பேரு எழுதியிருக்கா?" என்றான்.

"எழுதல. ஆனா ரெண்டு மாசமா நான்தான் உக்காருதேன்."

"எனக்கு வகுப்பே ஒரு மாசம்தான். செத்த விட்டுக்குடுங்க."

சிரித்தான். இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழுந்தது. செல்லக்கனி எட்டாம் எண்ணில் போய் உட்கார்ந்தாள். கோபம்தான்... ஆனால் அது ஏன் ஒரு கன்னத்தில் மட்டும்?

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நடக்கிறது அந்த மாலை நேரக் கணினி வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு அவள் பஸ் ஏறி வருவாள். அவன் பெயர் தவசிமுத்து. வத்திராயிருப்பில் மச்சானோடு சேர்ந்து தென்னங்கன்றுப் பண்ணை வைத்திருக்கிறான். பண்ணைக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டுமாம்.

வேர்டில் அடித்ததை வலைப்பக்கமாகச் சேமித்து, மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வரில் ஏற்றுவதுதான் பாடம். ஏற்றிவிட்டால் அறையிலுள்ள எந்தக் கணினியிலும் அதைத் திறந்து பார்க்கலாம். கிருபாபாய் மிஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர்தான் பக்கத்தைத் திறந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும். ஏற்றுவது யாராலும் முடியும். ஏறியதை எடுக்கவோ மாற்றவோ மிஸ்ஸால் மட்டும்தான் முடியும்.

முதலில் அவன் பக்கத்தை அவள் திறந்தாள்.

"கன்னு எங்கங்க? படம் இருக்க வேண்டிய எடத்துல வெறும் கட்டமா இருக்கு."

"ஆடு கடிச்சிருக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"பக்கத்தைச் சேமிக்கையில கூடவே ஒரு ஃபோல்டர் வந்திருக்கும் பாருங்க. படமெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. அதையும் ஏத்தணும்."

"எம்புட்டு விவரம்! நீங்க தப்பே பண்ண மாட்டீங்களோ?"

"மூணு தடவை பாக்காம எதையும் ஏத்த மாட்டேன்."

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் 'இந்த வாரம் கற்றவை' என்று ஒரு பக்கம் எழுதுவாள். கீழே சந்தேகங்களை எண் போட்டு வரிசையாக வைப்பாள். அந்த வெள்ளியன்று மூன்று சந்தேகம் எழுதியதும் கை தானாக மேற்கொண்டு அடித்துக்கொண்டே போயிற்று. நான்கு... ஐந்து... திடுக்கிட்டு இரண்டையும் அழித்தாள். மூன்று முறை பார்த்தாள். ஏற்றினாள்.

தவசிமுத்து திறந்தான். கன்னத்தில் மெல்லக் குழி விழுந்தது.

"குறை ஒண்ணும் இல்லீங்க..." குரல் வேறு மாதிரி இருந்தது.

எட்டாம் கணினியில் அவளே திறந்து பார்த்தாள். சிவப்பு எழுத்து. குறுக்கே ஒரு கோடு.

'சந்தேகம் 4: ஏழாம் எண்காரருக்கு ஒரு கன்னத்தில் மட்டும் ஏன் குழி விழுகிறது? சந்தேகம் 5: அவர் வராத நாளில் எனக்கு ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?'

போன வாரம் இதே ஆவணத்தைத் திருத்திய மிஸ், திருத்தங்களைக் குறித்து வைக்கும் வசதியைப் போட்டுவிட்டிருந்தார். அவள் அழித்தது எதுவும் அழியவில்லை. வேர்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தது. வலைப்பக்கம் ஆனதும் வெளியே வந்து நின்றது. எடுக்கச் சொல்லலாம் என்றால் மிஸ், எல்லோரையும் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு, மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

"வாசிச்சுட்டு சிரிக்கீங்களா?"

"ஐயோ, இல்லீங்க..."

"அடுத்தவங்க அழிச்சதை வாசிக்கலாமா?"

"குறை பாக்கத்தானங்க தொறந்தேன்."

"பாத்தாச்சுல்ல? வாரேன்."

சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. என்னை என்னவென்று நினைத்திருப்பான்? வத்திராயிருப்பு முழுக்கச் சொல்லிச் சிரிப்பானோ? திங்கட்கிழமை மிஸ்ஸிடம் சொல்லி அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். வேறு வரிசையில் உட்கார வேண்டும். அவனுக்கும் அன்றுதான் கடைசி வகுப்பு. அதோடு முடிந்தது... முடிந்துவிடுமா?

திங்கட்கிழமை, உள்ளே வந்ததும் வராததுமாக, "ஒரு பக்கத்தை எடுக்கணும் மிஸ்" என்றாள்.

"பாடம் முடியட்டும்மா" என்ற மிஸ் அன்று புதிதாக ஒன்று காட்டினார். எந்தக் கணினி எந்தப் பக்கத்தை எப்போது திறந்தது என்று சர்வர் தானாகவே குறித்து வைத்திருக்குமாம். அவரவர் பக்கத்தைத் தேடிப் பாருங்கள் என்றார்.

பின்வரிசையில் இருந்த செல்லக்கனி தேடினாள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் எண் ஒரு முறை. எட்டாம் எண் ஒரு முறை, அது அவளேதான். சனிக்கிழமை ஏழாம் எண், ஆறு பத்து. ஏழாம் எண், ஆறு பன்னிரண்டு. ஏழாம் எண்... விரல் வைத்து எண்ணினாள். பத்தொன்பது முறை! வேறு யாரும் திறக்கவே இல்லை.

கேலி செய்ய ஒரு முறை போதாதா? பத்தொன்பது முறை எதற்கு?

ரோஷம் இருக்கத்தான் செய்தது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எழுந்து போய் அவன் பக்கத்தில் எட்டாம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"ஆறாவதா?" என்றவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சனிக்கிழமை எதுக்குப் பத்தொம்பது தடவை தொறந்தீங்க?"

அவன் முகம் சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நாலாவதை எங்கம்மாட்டதான் கேக்கணும்... அஞ்சாவதுக்குப் பதில் தெரியுமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"இந்த நாற்காலி காலியா கெடந்துச்சு. வாசலையே பாத்தேன். நீங்க வரல. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு... பொறவுதான் புரிஞ்சுது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு செல்லக்கனி. வகுப்பு இன்னைக்கு முடிஞ்சாலும் நான் வருவேன். வரலாமா?"

அதற்குள் கிருபாபாய் மிஸ் வந்துவிட்டார்.

"ஏதோ பக்கம் எடுக்கணும்னியேம்மா, எது?"

செல்லக்கனி தவசிமுத்துவைப் பார்த்தாள். அந்தக் கண்கள் இமைக்காமல் காத்திருந்தன.

"எடுக்க வேணாம் மிஸ்... குறுக்க உள்ள சிவப்புக் கோட்டை மட்டும் எடுத்துருங்க."