பூனை மண்

பூனைக்கு மண் பரப்பி வைத்த தட்டில் ஐந்து உருண்டைகள் இருந்தன. ஒரு பூனை ஒரு நாளில் மூத்திரம் பெய்தால் இரண்டு உருண்டை விழும், தண்ணீர் கூடுதலாகக் குடித்த நாளில் மூன்று. ஐந்து விழ நியாயமே இல்லை. அவன் கையில் ஓட்டைக் கரண்டியோடு, மூக்கை முழங்கையால் பொத்திக்கொண்டு, கழிப்பறைத் தரையில் குந்தியபடி மறுபடி எண்ணினான். பள்ளிப் பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறவன் அவன். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விட்டுப் பழக்கமில்லை. ஐந்துதான்.

இந்த நாற்ற உத்தியோகம் மூன்று மாதத்துக்கு முன்பு வரை அவன் மனைவியுடையது. பூனையும் அவளுடையதுதான், கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இருந்தது. சாம்பல் நிறம், தடித்த உடம்பு, யாரையும் மதிக்காத நடை. வீட்டில் அதற்குப் பெயர் மகாராணி. மனைவி கர்ப்பமாகி மருத்துவரிடம் போனபோது, வீட்டில் பூனை உண்டா என்பதைத்தான் அந்த அம்மாள் முதலில் கேட்டார்.

“பூனை மலத்துல ஒரு கிருமி இருக்கும்மா. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது. ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சிருக்கு உங்களுக்கு. அந்தத் தட்டுப் பக்கமே நீங்க போகக் கூடாது. சார் பார்த்துக்கட்டும்.”

“நான் பார்த்துக்கறேன் டாக்டர்,” என்று சார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

சொல்வதில் என்ன இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். ஈரம் பட்ட இடத்தில் அந்தச் சாம்பல் மண் தானாக இறுகி, உள்ளே மஞ்சளும் வெளியே பொடியுமாக ஓர் உருண்டை ஆகும். அதைக் கரண்டியால் அள்ளும்போது எழும் நெடி கண்ணைக் கரிக்கும், தொண்டைக்குள் இறங்கும், அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் குடிக்கிற தேநீரிலும் கூடவே வரும். மலம் தனி. அது மண்ணைப் பூசிக்கொண்டு ஏதோ மாவில் புரட்டி வைத்த பண்டம் போலக் கிடக்கும். அதை அள்ளுகிற கரண்டியும் சமையலறையில் எண்ணெயிலிருந்து பொரித்ததை எடுக்கிற கரண்டியும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்ததால் பொரித்த எதையும் அவன் தொடுவதில்லை. மண் துகள் செருப்பில் ஏறியது, செருப்பிலிருந்து பாயில் ஏறியது, ஒருநாள் காலை கண் விழித்தபோது பல்லுக்கிடையில் ஒன்று நறநறத்தது. அன்று அவன் நான்கு முறை பல் தேய்த்தான். நான்கு முறையும் குமட்டியது.

அள்ளியதைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, இன்னொரு பையில் போட்டு, மூன்று மாடி இறங்கிப் பின்பக்கத் தொட்டியில் போட வேண்டும். முதல் பத்து நாள் ஒழுங்காகத்தான் செய்தான். பதினோராம் நாள் இரண்டாம் மாடிப் படியில் பை கிழிந்துவிட்டது. கட்டிடம் பெருக்குகிற அம்மாள் நாலு பேர் முன்னால் பிடித்துக்கொண்டார். “என்ன சார் இது, படிச்சவர்தானே நீங்க? மனுஷங்க ஏறி இறங்கற இடமில்லையா?” அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் பார்க்க, கையால் பொறுக்கி எடுத்தான். பைக்குள் இன்னும் இளஞ்சூடாக இருந்தது ஒன்று.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் கழிப்பறைக் கோப்பையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டான். ஒரே இழுப்பு, வேலை முடிந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. வெறும் பையை ஊதிக் கட்டி, தினமும் படியிறங்கிப் போய் வந்தான். கழிப்பறையில் கொட்டக் கூடாது, ஈரத்தில் பல மடங்கு ஊதும் என்று மண் மூட்டையின் பின்பக்கம் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கத்தையே திருப்பி அனுப்புகிற ஆசாமி அதை மட்டும் படிக்கவில்லை.

ஐந்தாவது உருண்டையை அவன் கரண்டியில் ஏந்திப் பார்த்தான். தட்டையாக, விளிம்பு மடங்கி, நடுவில் குழிந்து, கீழே ஒரு சிறு தொங்கல். காது. அவன் சிரித்துக்கொண்டான். மேகத்தில் யானை தெரிகிறது, உருண்டையில் காது தெரிந்தால் என்ன? கோப்பையில் போட்டான். அது உடனே மூழ்கவில்லை, குழிந்த பக்கம் மேலாகச் சற்று மிதந்து, பிறகு போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஏழு உருண்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்று அவன் கட்டைவிரல் நீளம். ஒரு முனை உருண்டு திரண்டிருந்தது, மறுமுனையில் பயறு பயறாக ஐந்து மேடுகள், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக. அதை அவன் எடுத்துப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினான், இரண்டு முறை இழுத்துவிட்டான், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். தோல் எரிந்தது.

அன்று மாலை மனைவி பால்கனியில் பூந்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள், நல்லவேளையாகக் குச்சியால்.

“ஐயோ, அதையெல்லாம் நீ ஏம்மா தொடற?”

“தொடலைங்க. நாத்தம் வருதேன்னு பார்த்தேன். மகாராணி ஒரு வாரமா இதுலதான் போறா. நீங்க தட்டைச் சரியா சுத்தம் பண்றதில்லபோல, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்கறா.”

அவன் பூனையைப் பார்த்தான். அது பால்கனிச் சுவரில் உட்கார்ந்து, கழிப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம். அப்படியானால் தட்டில் விழுவது பூனையுடையது அல்ல.

அப்போதே அவன் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிலிருந்து தொடங்குவது? ஊதிக் கட்டிய வெறும் பையிலிருந்தா? அவளுக்கு ஆறாம் மாதம். முதல் தடவை கலைந்தபோது ஒன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், இந்தத் தடவை அசைவு தெரிந்த அன்று அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, “உதைக்கறான் பாருங்க,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பது தவிர அவனுக்கு வேறு எண்ணமே இல்லை. பயத்தில் செய்யக் கூடாததைச் செய்தான். அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் தட்டிலிருந்த மண் முழுவதையும், அரை மூட்டை இருக்கும், கோப்பையில் கவிழ்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளினான். தட்டைக் கொண்டுபோய் எறிந்தான். ஒழிந்தது சனியன்.

ஒழியவில்லை. மறுநாள் காலை கோப்பையில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது, சாம்பல் நிறத்தில், மேலே மெல்லிய ஆடை கட்டி. நெடியும் மாறியிருந்தது. மூத்திர நெடிக்கு அடியில் இன்னொன்று, கொஞ்சம் இனிப்பாக, திரிந்த பால் மாதிரி. சுவருக்குள் இறங்குகிற குழாயில் ஒரு சத்தம் கேட்டது. சரக். சரக். சரக். நிறுத்தம். மறுபடி மூன்று. காலால் மண்ணைத் தள்ளி மூடுகிற சத்தம் அது. மகாராணி அப்போது கூடத்தில் மனைவியின் காலடியில் படுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பிளம்பர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், எதையும் பார்த்துச் சலித்த முகம். நீளமான ஸ்பிரிங் கம்பியைக் கோப்பைக்குள் விட்டுத் திருகினார். வெளியே எடுத்தபோது நுனியில் பிசைந்த மாவு போலச் சாம்பல் களிமண் அப்பியிருந்தது. விரலால் உருட்டிப் பார்த்தார்.

“சார், வீட்ல பூனை இருக்கே. பூனை மண்ணை இதுல கொட்டினீங்களா? கொட்டியிருந்தா சொல்லிடுங்க. தண்ணி படப்பட ஊதும். குழாயைக் கழட்டித்தான் எடுக்கணும்.”

மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். “சேச்சே, அவர் தினமும் கீழ கொண்டுபோய்த்தாங்க போடறாரு. ஒருநாள் தவறினதில்ல,” என்றாள். குரலில் பெருமை.

பிளம்பர் அவனைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றான் அவன்.

“அப்ப வேற ஏதோ. ரெண்டு வாளி வெந்நீர் ஊத்துங்க, இளகிடும்.”

ஊற்றினான். தன் கையாலேயே ஊற்றினான். தண்ணீர் சுழன்று, நின்று, பிறகு ஒரே மடக்காக இறங்கியது. குடிக்கிற சத்தம். பிளம்பர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கம்பியை மறுபடி உள்ளே விட்டார். இரண்டு திருகு. கை நின்றது.

“இழுக்குது சார்.”

“என்னது?”

“உள்ளேர்ந்து இழுக்குது.”

அவர் கம்பியை விட்டார். கம்பி தரையில் வளைந்து வளைந்து, கோப்பைக்குள் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. பிடி விளிம்பில் இடித்தது. ஒரு சுண்டு. அதுவும் போயிற்று. பிளம்பர் பையை எடுத்தார். நாளைக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். கையைக் கூடக் கழுவவில்லை, விரல்களை விரித்துத் தள்ளிப் பிடித்தபடியே படியிறங்கிப் போனார்.

அவன் கழிப்பறையைப் பூட்டி, வரப்போகிற ஆளுக்காகச் சாவியை ஆணியில் மாட்டினான். கீழ்வீட்டில் கெஞ்சி அவர்கள் கழிப்பறைக்கு அனுமதி வாங்கினான். “கம்பி மாட்டிக்கிச்சும்மா. நாளைக்கு ஆள் வருவாங்க. நீ அந்தக் கதவைத் தொடாத. எனக்காக.” அவள் தலையாட்டினாள். அன்று முழுக்க அவள் முகம் சரியில்லை. ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு பக்கத்தை ஆறு முறை படித்தான், ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. நான்கு மணிக்கே கிளம்பிவிட்டான். படியேறும்போது இரண்டாம் மாடியிலேயே அந்த நெடி வந்தது. திரிந்த பால். மூக்கை மூடினான், வாயில் வந்தது. வாயை மூடினான், கண்ணில் வந்தது.

கதவு தாழிடப்படவில்லை.

கூடம் முழுக்க மாலை வெயில். தரையில் மண். நடந்தால் நறநறக்கிற மண். மகாராணி அலமாரியின் உச்சியில், உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கழிப்பறைப் பூட்டு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். குவளையில் மொண்டு, மெல்ல ஊற்றுகிற சத்தம். மனைவியின் குரல்.

“அவ்வளவுதான்... அவ்வளவுதான்... முடிஞ்சுது...”

அவன் கதவைத் தள்ளினான்.

அவள் ஈரத்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் சாம்பல். வெறும் கை. முழங்கை வரை சாம்பல். நீட்டிய கால்களின் மேல் அதைக் குப்புறக் கிடத்தி, முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகக் கரைந்து வழிந்தது. தேய்க்கத் தேய்க்கக் குறையவில்லை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஊதியது.

“வந்துட்டீங்களா?” அவள் நிமிரவில்லை. “ரொம்ப நேரமா தட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. பாவம். எவ்வளவு அழுக்கு பாருங்க.”

“கீழ போடு,” என்றான். “தொடாத. கீழ போடும்மா. வயித்துல...”

“நேத்துலேர்ந்து அது அசையலைங்க.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல. வெந்நீர் ஊத்தினீங்களே, அப்ப நின்னது. ஆனா இது பாருங்க. எப்படி உதைக்குது.”

அதைத் திருப்பினாள். காது இருந்தது. குதிகால் இருந்தது. பயறு பயறாக விரல்கள். அவள் குனிந்து அதன் நெற்றியில் முத்தமிட்டாள். உதட்டில் ஒட்டிக்கொண்ட சாம்பலை நாக்கால் துடைத்து விழுங்கினாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பிறகு, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் திரும்பவில்லை. மடியில் கிடந்தது தலையைத் திருப்பி, கண் இன்னும் வராத முகத்தோடு, அவன் குரல் வந்த பக்கம் இரண்டு கைகளையும் தூக்கியது.