ஏழாம் அறையின் பழுது

ஏழாம் அறையின் சுவர் மறுபடியும் குளிர்காற்றை நிறுத்திவிட்டது. அந்த வாரத்தில் இது நான்காவது முறை. பொற்கொடி கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

தூத்துக்குடியில் இருந்த அந்த வலிதணிப்பு இல்லத்தைப் புதுப்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இனிக் குணமாகாது என்று மருத்துவமனைகள் கைவிட்டவர்கள் கடைசி நாட்களைக் கழிக்கும் இடம். இருபது அறைகளிலும் இதச்சுவர்கள் பதித்திருந்தார்கள். நோயாளியின் மூச்சையும் நாடியையும் தொடாமலே அளந்து, வலி எவ்வளவு என்று கணித்து, வெளிச்சம், காற்று, படுக்கையின் சரிவு எல்லாவற்றையும் சுவரே மாற்றும். எது வலியைக் குறைக்கிறது என்று கற்றுக்கொண்டு, அதையே திரும்பச் செய்யும். ஓர் அறை காலியானால், அது கற்றதெல்லாம் மற்ற அறைகளுக்குப் போய்விடும். சுவரே பார்த்துக்கொள்வதால் பன்னிரண்டு செவிலியரில் எட்டுப் பேரை வேறு ஊர்களுக்கு மாற்றிவிட்டார்கள். சுவர்களைப் பராமரிக்கப் பொற்கொடி ஒருத்திதான்.

ராயப்பன் வியர்த்துப்போய்ப் படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது.

"வேர்த்துக் கொட்டுதே அண்ணாச்சி, கூப்பிட்டிருக்கலாம்லா?"

"நான் எதுக்கும்மா கூப்பிடணும்? அதுவே ஒன்னயக் கூப்பிட்டிருச்சே."

ஈரத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுச் சுவரின் மூடியைத் திறந்தாள். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் ஒசரத்துல ஒத்தையில உக்காந்திருந்தேன். ஆனா கீழ எவனாவது கையக் காட்டிக்கிட்டே இருப்பான். ஒத்தையில இருக்கோம்னே தோணாது."

உள்ளே எதுவும் கெட்டிருக்கவில்லை. பொற்கொடி சுவரின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் உண்மையாகவே ஒரு கம்பி எரிந்து, அவள் நாற்பது நிமிடம் இங்கே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறாள். அந்த நாற்பது நிமிடமும் அவர் வலியைக் காட்டும் கோடு கீழே கிடந்தது. எந்த மருந்துக்கும் அது அவ்வளவு இறங்கியதில்லை. அதன்பிறகுதான் சுவர் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நான் இருந்தா வலி கொறையுதா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒனக்கு ஆயிரம் வேல இருக்கும். அதான் சொல்லல."

அன்றிலிருந்து தினமும் மதியம் பொற்கொடி அங்கே வந்து சாப்பிட்டாள். சுவர் பழுதாவது நின்றுபோனது. ஒன்பதாம் நாள், பேச்சின் நடுவே அவள் கையைப் பிடித்தபடியே ராயப்பன் போய்விட்டார். சுவர் வெளிச்சத்தை மெல்லத் தணித்தது. அவள் கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை பத்தொன்பது அறைகளும் பழுதாகியிருந்தன.

கண்காணிப்பாளர் தேவசகாயம் அவளை அழைத்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

"சுவர் நம்மள ஏமாத்துதா? கத்துக்கிட்டத அழிச்சிருங்க."

"அழிச்சிரலாம் சார். ஒரே ஒரு ரூமுக்குப் போய்ட்டு வந்து சொல்லுங்க."

பதினாலாம் அறையில், ஓய்வுபெற்ற ஆசிரியை பாக்கியத்தாயின் படுக்கை நிமிர்ந்தபடியே நின்றிருந்தது. தேவசகாயம் கோட்டைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றி அதை இறக்கினார்.

"மெதுவா தம்பி," என்றார் பாக்கியத்தாய். "சாப்ட்டீங்களா? மொகம் வாடிக் கெடக்கே."

இந்த இல்லத்தில் யாரும் தேவசகாயத்திடம் அதைக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. அழிப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

அடுத்த நாள், ஆளே இல்லாமல் இயங்கும் இல்லத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து அதிகாரிகள் பதினைந்து பேர் வந்தார்கள். தேவசகாயம் வரவேற்புரையைத் தொடங்கியபோது சுவர்த்திரையில் எழுத்து ஓடியது:

"அறை 14. படுக்கை பழுது. வரவேண்டியவர்: தேவசகாயம்."

அதன்கீழே மற்ற அறைகள் வரிசையாக வந்தன. அவற்றில் பெயர் இல்லை. 'யாராவது' என்று மட்டும் இருந்தது.

தேவசகாயம் உரைத்தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வாங்க," என்றார் வந்தவர்களைப் பார்த்து. "ஆளுக்கொரு ரூம் இருக்கு."