பென்சில் கதவுகள்

ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்த மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அட்டைக் கட்டடம் மட்டும் சுட்டது. நவநீதகிருஷ்ணன் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். பக்கத்தில் பொம்மைத் திருத்தங்கல் ஸ்டேஷன் சில்லென்று இருந்தது. அதற்கு அடுத்த தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. அட்டையில் மடித்த ஏழாம் நம்பர் ரூம் மட்டும் இப்போதுதான் கையில் கொடுத்த டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

விருதுநகர் வீட்டு மாடி முழுக்க அவனுடைய பொம்மை ரயில்தான். எஞ்சினும் பெட்டிகளும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கட்டடங்கள் அவன் கையால் செய்பவை. பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் முன் பிரஸ்ஸில் வெள்ளை அட்டையில் ஒன்று மடித்துப் பார்ப்பார்கள், டம்மி என்பார்கள். அந்த வழக்கத்தை அவன் ரயிலுக்கும் கொண்டுவந்திருந்தான். எந்தக் கட்டடமானாலும் முதலில் டம்மி. தண்டவாளத்தோரம் வைத்து, ரயில் உரசாமல் போகிறதா, பின்னால் இருப்பதை மறைக்கிறதா என்று ஒரு வாரம் பார்ப்பான். சரிப்பட்டால்தான் நல்ல பலகையில் கட்டுவது. டம்மியில் கதவை வெட்டுவதில்லை. வெளிப்பக்கம் பென்சிலில் கோடு இழுப்பதோடு சரி. எப்படியும் கிழித்துப் போடப்போகிற அட்டைக்குக் கதவு எதற்கு?

இந்த வாரம் எம். புதுப்பட்டியிலிருக்கும் தன் பட்டாசுக் கம்பெனியை வைத்திருந்தான். ஒன்றிலிருந்து ஆறு வரை ரூம்கள் வரிசையாக நின்றன. ஏழாவது இப்போது அங்கே இல்லை. போன சித்திரையில் வெடித்து, தரை மட்டும் மிச்சம். ஆனால் வரிசையில் ஓட்டை விழுந்தால் பார்க்க நன்றாக இல்லையே. அதனால் ஏழையும் மடித்து வைத்துவிட்டான்.

அட்டையைத் தூக்கினான். அடிப்பக்கம் திறந்த பெட்டிதான் அது. உள்ளிருந்து முதலில் வாசனை வந்தது. கந்தகமும், அலுமினியப் பொடியும், அவற்றுக்கு அடியில் தீய்ந்த முடியும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். உள்சுவரில் ஏதோ மின்னியது. மேஜை லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தான்.

கைத்தடங்கள். எள்ளைவிடச் சிறியவை. வெள்ளி நிறம். ரூமில் வெடிமருந்து நிரப்புகிற பொம்பளைகளின் கை சாயங்காலம் அந்த நிறத்தில்தான் இருக்கும்; எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஒன்றின் மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில், கிழக்குக் கதவுக்கு நேரே மட்டும். கோடு வெளிப்பக்கம்தான் இருந்தது. உள்ளே வெறும் வெள்ளைச் சுவர். ஆனாலும் அந்தக் கைகளுக்குக் கதவு எங்கே என்று தெரிந்திருந்தது.

அவனுக்கும் தெரியுமே. நாலு பக்கமும் கதவு வைத்த ரூம்தான் அது. சீசன் ஆர்டர் நெருக்கியபோது, காற்று வாங்கப் போகிறேன் என்று யாரும் எழுந்து போகக் கூடாதென்று, மூன்று கதவுகளை வெளியே கொண்டி போடச் சொன்னவன் அவன்தான். நாலாவது கதவில் லோடு ஏற்ற வேண்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. மருந்து நிரப்புகிற மாரித்தாயும் இன்னும் இரண்டு பேரும் கிழக்குக் கதவடியில் ஒருவர் மேல் ஒருவராக ஒட்டிக் கிடந்தார்கள். பிரித்தெடுக்க வெகுநேரம் ஆனது. கதவு எரிந்து, கொண்டி போட்டிருந்ததற்குச் சாட்சி இல்லாமல் போனது நல்லதாகப் போயிற்று. விசாரணை முடிந்த அன்று போர்மேன் கருத்தப்பாண்டி வந்து நின்றான்.

"மொதலாளி, கதவெல்லாம் தெறந்துதான் கெடந்துச்சுன்னு எளுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீக."

அவனும் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே புது எஞ்சின் ஒன்று வரவழைத்தான்.

டம்மியைப் பழைய இடத்தில் வைத்தான். வைத்ததும் உள்ளே தட்டும் சத்தம். நகத்தால் தட்டுகிற மாதிரி, மெல்ல, விடாமல். கட்டர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. பென்சில் கோட்டின் மேல் மூன்று இழுப்பு. அரை நிமிஷ வேலை. எடுத்தும்விட்டான். அப்புறம்தான் யோசித்தான். வெட்டினால், அதுவரை மூடியிருந்தது என்று ஆகிவிடுமே.

கட்டரைக் கீழே வைத்தான். உள்ளங்கையை ஏழாம் நம்பர் கூரையின் மேல் வைத்து, முழு பலத்தோடு அமுக்கினான். அட்டை மடங்கியது. அதற்குள் கடுகு நொறுங்குகிற மாதிரி ஏதோ மூன்று முறை நொறுங்கியது. தட்டல் நின்றது. சப்பையாகிப்போன அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"அப்பா."

மகள் கீழேயிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். கீர்த்திகாவுக்கு ஒன்பது வயது. மனைவி அனுப்பிரியா ஆமத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் பிள்ளையும்தான்.

"அப்பா, கதவு எங்கன இருக்கு?"

சத்தம் கீழேயிருந்து வரவில்லை. ரயில் பாதை வளைந்து திரும்பும் மூலையிலிருந்து வந்தது. நம்ம வீட்டையும் வைங்கப்பா என்று அவள் நச்சரித்ததால் காலையில்தான் மடித்து வைத்த டம்மி அங்கே நின்றது. இரண்டு மாடி. மொட்டை மாடி. பென்சில் கதவு.

படியில் விழுந்தடித்து இறங்கினான். கீர்த்திகாவின் அறைக் கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. வழுவழுவென்று சுண்ணாம்புச் சுவர். அதில் தலைக்கு மேல் வரை இரண்டு கோடுகள், மேலே ஒரு குறுக்குக் கோடு. விரல் வைத்தால் கரி ஒட்டியது. ஓங்கி அறைந்தான். தோளால் இடித்தான். காதை வைத்துக் கேட்டான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவள் அங்கே இல்லை.

மேலே ஓடினான். அட்டை வீட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. அஸ்திவாரம் தோண்டிக் கட்டிய வீடு மாதிரி நின்றது. அட்டை சுட்டது. ஏழாம் நம்பரைவிட அதிகமாகச் சுட்டது.

"அப்பா, உள்ள ரொம்ப வெக்கையா இருக்கு."

"இந்தா வந்துட்டேன் கண்ணு. இந்தா தெறந்துட்டேன்."

கட்டரை எடுத்துப் பிளேடை நீட்டி, பென்சில் கோட்டில் வைத்தான். அந்த இடத்திலேயே உள்ளிருந்து தட்டல் கேட்டது.

"சத்தம் கேக்குதுப்பா. இங்கனதான வெட்டுறீக? நான் கதவுகிட்டயே நிக்கேன்."

அவன் கை நின்றுவிட்டது. அடைபட்டவர்கள் எங்கே நிற்பார்கள் என்று அவன் கண்ணால் பார்த்தவன்.

"தள்ளிப் போ, கீர்த்தி. உள்ள போ."

அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது பிளேடின் சத்தம் மட்டும்தான். பின்சுவருக்குப் போனான். வைத்தான். குட்டிக் கால்கள் ஓடிவரும் சத்தம். தட்டல். பக்கச் சுவர். ஓடிவந்தாள். தட்டினாள். மொட்டை மாடியில் வைத்தான். எப்படி எட்டினாளோ, அங்கேயும் வந்தாள்.

"அப்பா, சீக்கிரம்."

அட்டையின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்பு விழுந்தது. இரண்டு ரூபாய் அகலம். தீய்ந்த வாசனை. கட்டரை மறுபடி கதவுக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். ஓடிவந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. குத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

பழுப்பு கதவுக் கோட்டைத் தொட்டது. பிளேடு நுனிக்கு நேர் எதிரே அட்டை மெல்லப் புடைத்தது. எள்ளளவு. ஐந்து விரலும் தெரிந்தன.