ஞாயிற்றுக்கிழமைக் குரல்

பூசான் துறைமுகத்து உணவுக்கூடத்தில் பகல் சாப்பாட்டு நேரம். உட்கார இடமில்லாத கூட்டம். எல்லாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்காகத் திறந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேச்சு முழுவதும் கழுத்திலிருந்து வந்தது.

கழுத்தில் கட்டிக்கொள்கிற அந்த மெல்லிய பட்டைக்கு மிடற்றணி என்று பெயர். சொல்ல நினைத்ததைத் தொண்டைக்குள் முணுமுணுத்தால் போதும், தசை அசைவதை வைத்தே அணி அதைப் பிடித்துக்கொள்ளும். சொந்தக் குரலை அமுக்கிவிட்டு, எதிரே இருப்பவர் கேட்க விரும்பும் மொழியில், விலைக்கு வாங்கிய குரலில் வெளியே விடும். உதட்டை அசைத்துப் பேசினால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள். இது வந்தபிறகு உலகத்தில் மொழி கற்றுக்கொள்கிற வேலை ஒழிந்தது. கூடவே, பேச்சை வைத்து எவன் எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிக்கிற வித்தையும் ஒழிந்தது.

அந்த இரண்டாவது காரியத்துக்காகவே மிடற்றணிக்குக் கோயில் கட்டிக் கும்பிடத் தயாராக இருந்தவன் தவசிமணி. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் உடன்குடி. அது அவனுடைய கடவுச்சீட்டுக்குத் தெரியும், பூசானில் வேறு யாருக்கும் தெரியாது. கேட்பவர்களுக்கெல்லாம் அவன் டிரினிடாட் தீவுக்காரன், பெயர் மார்க்கஸ். அணி ஆங்கிலத்தில் பேசியது, ஆங்கிலத்தில் கேட்டது.

இப்படி ஊரை மறைத்துத் திரிவதற்கு அவன் கொலையா செய்தான்? ஒன்றுமில்லை. அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வேலை பார்த்த நாளில், மிடற்றணி வராத காலம் அது, ஹாரூன் என்ற மலாய்க்காரனோடு ஒரே வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஒருநாள் இருவரும் கடையில் கருவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார்.

"தம்பி, நீங்க எந்த ஊரு?"

நம் ஆட்கள் வெளிநாட்டில் சந்தித்தால் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். அடுத்த கேள்வி எந்தத் தெரு. அதற்கடுத்தது யார் வீட்டுப் பிள்ளை. அதற்குள் உங்கள் சித்தப்பாவின் சம்பந்தி அவருக்கு மச்சினனாகிவிடுவார். பெரியவர் தவசிமணியையும் ஹாரூனையும் மாறி மாறிப் பார்த்தார். ஹாரூனின் கை தவசிமணியின் தோளில் இருந்தது. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரமே உடன்குடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அம்மா திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப்பிறகு தவசிமணி தெருவில் தமிழ்க் குரல் கேட்டாலே எதிர்ப்பக்கம் நடந்தான். இப்படிப் பயந்து சாகிறவனோடு எத்தனை நாள்தான் ஹாரூனும் குடித்தனம் நடத்துவான்? அவனும் போய்விட்டான்.

பூசானுக்கு வந்தபின் பயம் போனது. பேச்சுத்துணையும் போனது. ஒண்டியாகச் சமைத்து ஒண்டியாகத் தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பது எந்த மனிதனால் முடியும்? துணைமனை என்றொரு நிறுவனம் இருந்தது. காசு கொடுத்தால் ஆள் அனுப்புவார்கள். கூட நடக்க, கூடச் சாப்பிட, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க. ஆணுக்கு ஆண் வேண்டுமா, சரி என்பார்கள், புருவத்தைத் தூக்க மாட்டார்கள். எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று கேட்டபோது தவசிமணி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். இந்தியா, இலங்கைப் பக்கத்து ஆள் மட்டும் வேண்டாம்.

ரஃபாயேல் வந்தான். பிரேசில்காரன் என்று சொன்னான். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, சிரித்தால் கண் இடுங்கும். துணைமனை அவனுக்குக் கொடுத்திருந்த குரல் கொஞ்சம் கரகரப்பானது, பேச்சின் அடியில் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலைக் கேட்கவே தவசிமணி ஞாயிற்றுக்கிழமைகளுக்காக உயிர் வாழ்ந்தான் என்றால் மிகையில்லை.

கடற்கரையில் நடப்பார்கள். சந்தையில் மீன் வாங்குவார்கள். வீட்டுக்கு வந்து மேசை அடுப்பைப் பற்றவைத்து, உறைப்பு போதாது என்று சண்டை போட்டுக்கொண்டே சமைப்பார்கள். ஒருநாள் ரஃபாயேல் தன் ஊரைப்பற்றிச் சொன்னான்.

"எங்கள் கடற்கரையில் மணல் இரத்தம் போல் சிவந்திருக்கும். காற்றடித்தால் மேடு இடம் மாறிவிடும். நடுநடுவே ஒற்றைத் தண்டாக உயர்ந்த மரங்கள். ஏறுவதற்குக் கிளையே கிடையாது" என்றது கரகரப்புக் குரல்.

"எங்கள் தீவிலும் அப்படித்தான்" என்றது தவசிமணியின் அணி. மனதுக்குள் அவன் உடன்குடியின் செம்மண் மேடான தேரியையும் பனைகளையும் நினைத்துக்கொண்டான். பிரேசிலிலும் தேரி இருக்கிறதே, கொடுத்துவைத்தவர்கள் என்று ஆச்சரியப்பட்டான். மனுஷன் எவ்வளவு படித்திருந்தால் என்ன, ஆசை வந்துவிட்டால் அறிவு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது.

காசு கொடுப்பதால்தான் வருகிறான் என்பது தவசிமணிக்குத் தெரியும். வந்து செருப்பைக் கழற்றிய நிமிடத்தில் அது மறந்துபோகும். அதுதான் தொல்லை.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவசிமணிக்குக் காய்ச்சல் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. ரஃபாயேல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான், நெற்றியில் ஈரத்துணி போட்டான், போர்வையை இழுத்துவிட்டான். மதியம் மூக்கடைத்து மூச்சு விட்டுக்கொண்டு தவசிமணி கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கிவிட்டான் என்று ரஃபாயேல் நினைத்திருக்க வேண்டும்.

அடுப்படியில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. தவசிமணி இமையை லேசாகத் திறந்தான். ரஃபாயேல் ஒரு கைப்பிடி கல்லுப்பும் நாலு காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றான். ஒரு கணம் யோசித்தான். பிறகு கழுத்திலிருந்த மிடற்றணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். சில காரியங்களை மொழி மாற்றிச் செய்தால் பலிக்காது என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம்.

மூடிய கையைத் தவசிமணியின் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்தபடி வாய்திறந்து முணுமுணுத்தான்.

"ஊரு கண்ணு, உறவு கண்ணு, கப்பக்காரன் கண்ணு, கரையில நிக்கவன் கண்ணு, எல்லாம் எரிஞ்சி போவட்டும். துப்பு."

மெல்லிய, கொஞ்சம் அடைத்த குரல். அதில் சிரிப்பு இல்லை, விற்பனைக்கான மெருகு ஒன்றுமில்லை. தூத்துக்குடிச் சீமைத் தமிழ். தவசிமணி சட்டென்று இமையை மூடிக்கொண்டான். மூடிய இமைக்குள் கண்ணீர் முட்டியது.

மேசை அடுப்பில் உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. திருஷ்டி இருந்தால் நெடி ஏறாது, இல்லாவிட்டால் வீட்டில் நிற்க முடியாதபடி இருமல் வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ரஃபாயேல் அடுப்புக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தான்.

"நெடியே ஏறலியே. என் கண்ணுதான் பட்டிருக்கும் போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு மிடற்றணியை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி பிரேசில்காரனாகிவிட்டான்.

அந்த வாரம் முழுக்கத் தவசிமணி தரையில் நடக்கவில்லை. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. தன்னைப் போலவே ஒருத்தன், தன்னைப் போலவே பயந்து, தன் சொந்த மண்ணைப் பிரேசிலில் ஒளித்துவைத்துவிட்டுத் தன் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். இருவரும் ஒருவருக்கொருவர் இங்கிலீஷில் தேரிக்காட்டை வர்ணித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நினைத்து நினைத்துச் சிரித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அம்மா போனதைப்பற்றி ஒருத்தனிடம் அவள் மொழியிலேயே சொல்லி அழலாம். கண்ணாடி முன் நின்று என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். 'அன்னைக்கி நீ உப்பு சுத்தினதப் பாத்தேன்.' வேண்டாம், திருட்டுத்தனமாக வேவு பார்த்ததுபோல இருக்கும். 'எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு.' அதைத் தமிழில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வாய் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை ரஃபாயேல் வந்தான். செருப்பைக் கழற்றினான். "உடம்பு எப்படி இருக்கிறது, மார்க்கஸ்?" என்றது கரகரப்புக் குரல்.

தவசிமணி மிடற்றணியைக் கழற்றி மேசையில் வைத்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. வாயைத் திறந்தான். பல வருஷம் பூட்டிக்கிடந்த வாய். முன்பின் தெரியாத இரண்டு தமிழர்கள் முதல்முதலாகப் பேசிக்கொள்கிற ஒரே ஒரு வாக்கியம்தான் அதற்கு வந்தது.

"நீங்க எந்த ஊரு?"

ரஃபாயேலின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. கை தானாகக் கழுத்துக்குப் போய் மிடற்றணியைப் பொத்திக்கொண்டது. அந்த முகத்தைத் தவசிமணிக்கு நன்றாகத் தெரியும். கருவேப்பிலைக் கடையில் தனக்கு இருந்த முகம் அது.

"பயப்படாதிய" என்றான் அவசரமாக. "எனக்கு உடன்குடிதான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்தப் பெரியவர் சொன்ன அதே சொல். உடன்குடி என்ற பெயரைக் கேட்டதும் ரஃபாயேல் ஓரடி பின்னால் நகர்ந்தான். அங்கே ரஃபாயேலுக்கு அம்மா இருக்கிறாளோ, தங்கை இருக்கிறாளோ, யார் கண்டது.

"மன்னிக்கவும்" என்றது கரகரப்புக் குரல். அடியிலே சிரிப்பு வழக்கம்போல ஓடியது, குரலின் அமைப்பு அப்படி. "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. தயவுசெய்து அணியைப் போட்டுக்கொள்ளுங்கள்."

தவசிமணி போட்டுக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்த பேசுங்க. ஒரே ஒரு வார்த்த" என்றான். ரஃபாயேலின் உதடு துடித்தது. பேசிவிடுவான் போலத்தான் இருந்தது. ஆனால் பயம் பெரியது, அது தவசிமணிக்குத் தெரியாததா? செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான். அவன் உண்மைப் பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என்பது கதவு மூடிய பிறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் துணைமனையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"ரஃபாயேல் வேறு நகரத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். உங்கள்மீது அவர் எந்தப் புகாரும் சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஒரு மொழியில் நீங்கள் பேசினீர்கள் என்று மட்டும் சொன்னார்."

"அவரோடு ஒருதரம் பேச முடியுமா?"

"அது விதிமுறையில் இல்லை. ஆனால் நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்தக் குரல் எங்கள் நிறுவனத்துடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை புதிதாக வருபவரிடம் அதே குரலைக் கொடுத்து அனுப்புகிறோம்."

சொன்னபடி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவன் சிலி நாட்டுக்காரன், எஸ்தேபான் என்று பெயர். ஆறடி உயரம், பச்சைக் கண், செம்பட்டை முடி. வாயைத் திறக்காமல் புன்னகைத்தான். கழுத்திலிருந்து ரஃபாயேல் வந்தான்.

"உடம்பு எப்படி இருக்கிறது?"

தவசிமணிக்குக் கதவைச் சாத்திவிடலாம் போல இருந்தது. சாத்தவில்லை. குரலைக் கேட்டுவிட்டு எப்படிச் சாத்துவது? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். தேநீர் கொடுத்தான். இனி யாரிடமிருந்து எதை மறைப்பது என்று தோன்றியது. தன் மிடற்றணியைத் திருகிக் கேட்கும் மொழியை முதல்முறையாகத் தமிழுக்கு மாற்றினான்.

"எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும்" என்றான். எஸ்தேபான் நல்ல பையன், என்ன ஏது என்று கேட்காமல் சரி என்றான். கைநிறைய உப்பும் மிளகாயும் கொடுத்து, எப்படிச் சுற்ற வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று தவசிமணி சொல்லிக்கொடுத்தான். பிறகு மேசை அடுப்பின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

கை தலையைச் சுற்றியது. ரஃபாயேலின் குரல் செய்தி வாசிப்பதுபோல் சுத்தமான தமிழில் சொன்னது: "ஊராரின் பார்வையும் உறவினரின் பார்வையும் கப்பல் ஊழியர்களின் பார்வையும் எரிந்து நீங்குவதாக."

உப்பு நெருப்பில் விழுந்து வெடித்தது. அடுத்த நொடி நெடி கிளம்பியது பாருங்கள், அறை முழுக்க நெருப்பை அள்ளிப் போட்டதுபோல். எஸ்தேபான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்திறந்து இருமினான். தவசிமணியும் இருமினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மிளகாயின்மேல் பழியைப் போட்டுக்கொள்ள வசதியாக.

"இது நல்லதா, கெட்டதா?" என்று இருமலுக்கு நடுவே கேட்டது அந்தக் குரல்.

"நல்லதுதான்" என்றான் தவசிமணி. "நெடி ஏறினா, ஒருத்தர் கண்ணும் எம்மேல படலன்னு அர்த்தம்."

"அப்படியென்றால் வாழ்த்துகள்" என்றது குரல், அடியிலே சிரிப்போடு.

தவசிமணி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.