சேகோவின் பங்கு

பறவை கொழுத்திருந்தது. அசானேயின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மண் நிறத்துச் சேகோ, ஒரு கைக்குள் அடங்கிவிடும். தேன் இருக்கும் மரத்துக்கு மனிதனைக் கூட்டிப்போகிற பறவை. மனிதன் புகை போட்டு, கோடரியால் பொந்தைப் பிளந்து தேனை எடுத்துக்கொள்வான், மெழுகு பறவைக்கு. அசானேயின் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இந்தக் கணக்கையும் பழகிவிடும். ஆனால் இரண்டு வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. மூன்றாம் வருடம் மொத்த மழையையும் நாலே நாளில் கொட்டிவிட்டு வானம் வெளுத்துக்கொண்டது. பூக்க வேண்டிய மாதத்தில் மரங்கள் இலையை உதிர்த்தன. தேனீக்கள் எங்கோ போய்விட்டன. பொந்துக்குள் கைவிட்டால் அந்துப்பூச்சியின் நூல்தான் விரலில் ஒட்டியது. காளான் முளைக்கவில்லை, அதனால் காட்டுப்பன்றி வரவில்லை. மாட்டு ஈக்கள்கூட இல்லை, அவை இல்லாததற்காக ஒருவன் வருத்தப்படுவான் என்று யார் நினைத்திருப்பார்கள்! ஊர் நாய்களுக்கு விலா தெரிந்தது. ஆட்களுக்கும்தான். அப்பேர்ப்பட்ட வருடத்தில் இந்தப் பறவை மட்டும் இறகு மினுமினுக்க, வயிறு பிதுங்க, ஊர் எல்லை மாமரத்தில் உட்கார்ந்திருந்தது.

“கல்யாண வீட்டுல சாப்பிட்டு வந்த மாமனார் கணக்கா உக்காந்திருக்கு பாரு,” என்றான் அவனோடு வந்த தோழன் லஜாபு. “யாரு வீட்டு விருந்துண்ணே இது, நமக்குச் சொல்லவே இல்ல?”

அசானே சிரிக்கவில்லை. “கூப்பிடு.”

“நானா? என் வாயில கூப்பிட்டா பறவை வராது, குடை விரிக்கும்.”

போன வருடம் தேன்கூட்டு மரத்திலிருந்து விழுந்ததில் லஜாபுவின் முன்பற்கள் நான்கும் போயின. அதற்குப்பின் அவன் சேகோவை அழைத்தால் எச்சில்தான் தெறிக்கும். ஊரே அதை வைத்து அவனைக் கிண்டல் செய்தது. அவனும் ஊருக்கு முந்திக்கொண்டு தன்னையே கிண்டல் செய்துகொள்வான். அசானே நாக்கை அண்ணத்தில் உருட்டினான்.

“ப்ர்ர்ர்ர்… ஹ்ம்.”

பறவை தீப்பெட்டியைக் குலுக்குகிற மாதிரி சடசடத்துவிட்டுக் கிளம்பியது. அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே கிளம்பிவிட்டது. எத்தனை நேரமாகக் காத்திருந்ததோ.

அவர்கள் தேனுக்குப் போகவில்லை. அசானேயின் தம்பி சுவெதி காட்டுக்குள் போய் இன்றோடு பத்து நாள். தனியாகப் போகச் சொன்னது அசானேதான். இந்தப் பஞ்சத்தில் ஒரு சேகோ கொழுத்திருக்கிறது என்றால் யாரோ அதற்கு மெழுகு வைக்கிறார்கள், அது சுவெதியாகத்தான் இருக்க வேண்டும்.

சண்டை மெழுகால் வந்தது. கூட்டை எடுத்தபின் மரத்தடியில் பச்சை இலை பறித்துப் போட்டு அதன்மேல் மெழுகை வைப்பது வழக்கம், பறவை மேலிருந்து பார்க்கத் தோதாக. சுவெதி எப்போதும் மூன்று இலை போடுவான், காம்பு மூன்றும் வெளிப்பக்கம் பார்க்கும்படி. வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அசானேயோ இந்த இரண்டு வருடமாக ஒரு துண்டு மெழுகுகூட வைக்கவில்லை. எடுத்த மெழுகை அங்கேயே எரித்து, சாம்பலை மண் போட்டு மூடினான். பட்டினி கிடக்கிற பறவை அடுத்த கூட்டை உடனே காட்டும். பஞ்சத்தில் எப்போதாவது ஒரு தடவை செய்கிற தந்திரம்தான். அசானே ஒவ்வொரு தடவையும் செய்தான்.

“அண்ணே, ஒரு துண்டாவது வை. அது அதோட கூலி,” என்று சுவெதி கெஞ்சியிருந்தான்.

“கூலி குடுத்தா தின்னுட்டு தூங்கப் போயிடும்டா. உன் பொண்டாட்டி எட்டு மாசம். அவளுக்கு மெழுகா குடுப்ப?”

“அது நம்மள விட்டுட்டு வேற ஆளத் தேடிக்கப் போவுது, பாரு.”

“அவ்வளவு பாசம்னா நீயே தனியா போ. நீயும் உன் பறவையும்.”

போய்விட்டான். வாய் இருக்கிறதே, அதை ஒரு நிமிடம் மூடி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பத்து நாளாக அசானே தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை ஊர்க்காரர்களோடு தேடிப் போய் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று காலையில் சுவெதியின் மனைவி முவனாஷா சோளக்களியும் கருவாடும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். அவள் அழவில்லை, அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

“மச்சான், எப்படி இருந்தாலும் கொண்டு வந்துருங்க. சும்மா மட்டும் வராதீங்க.”

பறவை முன்னால் போனது. வழக்கமாகச் சேகோ அலைபாயும். ஒரு மரத்தில் நிற்கும், திரும்பி வந்து மனிதனைப் பார்க்கும், கோபித்துக்கொண்டு கத்தும். இது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வழியில் இருந்த பழைய கூட்டு மரங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. காலடியில் சருகு நொறுங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சில்வண்டு இல்லை, புறா இல்லை, குரங்கு இல்லை. வெயிலில் சூடேறிய பட்டையின் வாசனையும் புழுதியின் வாசனையும் மாறி மாறி வந்தன, அவற்றுக்கு அடியில் வேறேதோ ஒன்று, இனிப்பாக, மிக லேசாக, வந்து வந்து போனது.

“தேன் வாசனையா?” என்றான் அசானே.

லஜாபு மூக்கை உறிஞ்சினான். “தேன்னா இந்நேரம் எனக்கு வாய் ஊறியிருக்கும். ஊறல.”

உச்சி வெயிலில் காய்ந்த ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். பறவை தாண்டிப்போய் அக்கரை மரத்தில் உட்கார்ந்தது. அசானே மீண்டும் அழைத்தான். “ப்ர்ர்ர்ர்… ஹ்ம்.”

அக்கரையில், தூரத்திலிருந்து, பதில் வந்தது.

“ப்ர்ர்ர்ர்… ஹ்-ஹ்ம்.”

கடைசியில் குரல் உடைந்தது. சுவெதியின் குரல் அப்படித்தான் உடையும், மீசை முளைத்த காலத்திலிருந்தே சரியாகவில்லை. அசானே லஜாபுவின் தோளைப் பிடித்தான். “யா அல்லா! தம்பிடா! கேட்டியா? சுவெதி! சுவெதீ!”

“ப்ர்ர்ர்ர்… ஹ்-ஹ்ம்.”

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. அசானே ஓடைக்குள் இறங்கப்போனான். லஜாபு அவன் கையைப் பிடித்தான். லஜாபுவின் முகத்தில் இப்போது கிண்டல் இல்லை.

“அண்ணே, நில்லு. பத்து நாளு தண்ணி இல்லாம கெடந்தவன் கொரலா இது? தொண்டை காய்ஞ்சிருக்காது? இது நல்லா சாப்பிட்டவன் கொரல் மாதிரி இருக்கு.”

“வாய மூடு.”

“மூடுறேன். மண்ணப் பாத்துட்டுப் பேசு.”

அசானே மணலைப் பார்த்தான். மான் குளம்பு, பன்றிக் குளம்பு, முள்ளம்பன்றி, நரி, ஒரு சிறுத்தையின் அகலமான தடம், அதன் பக்கத்திலேயே முயல். ஒன்றையொன்று துரத்தாமல், சேர்ந்து வந்திருந்தன. எல்லாத் தடமும் இக்கரைக்கு ஏறின. அக்கரைக்குப் போனது ஒன்றே ஒன்று: டயர் செருப்பு, இடது குதிகாலில் ஒரு வெட்டு. அந்த வெட்டை வைத்தது அசானேதான், தம்பியின் செருப்புக்கு ஒட்டுப்போடும்போது கத்தி நழுவி.

“அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் வெளியேறிடுச்சு அண்ணே. ஆள் கூட்டிட்டு நாளைக்கு வருவோம். நான் இதத் தாண்ட மாட்டேன். என்னை பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கோ, பரவால்ல.”

“நீ போ,” என்றான் அசானே. முவனாஷா வாசலில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. “போய் ஆள கூட்டிட்டு வா. நான் அவனைத் தூக்கிட்டு எதிர்ல வரேன்.”

லஜாபு திரும்பி நடந்தான். பிறகு அவன் காலடிச் சருகுச் சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போனது.

அக்கரையில் மரங்கள் பசுமையாக இருந்தன. மழை பெய்யாத காட்டில் அத்தனை பச்சை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. நிழல் குளிர்ச்சியாக இருந்தது, சருகு ஈரமாக இருந்ததால் அவன் காலடிச் சத்தமே அவனுக்குக் கேட்கவில்லை. இனிப்பு வாசனை இப்போது தொண்டையில் படிந்தது. பறவை பத்து அடி முன்னால், ஒவ்வொரு கிளையாக. அவன் அழைத்துக்கொண்டே நடந்தான். நாக்கு வறண்டுபோகும்வரை அழைத்தான். சுவெதியின் குரல் இரண்டு தடவை பதில் சொல்லிவிட்டு நின்றுபோனது.

பின்னால் கேட்டது.

“ப்ர்ர்ர்ர்… ஹ்ம்.”

லஜாபு! அசானேக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே கத்தினான். “வர்றதுன்னா அப்பவே வந்திருக்கலாம்ல? எவ்வளவு பந்தா பண்ணுன!”

பதில் இல்லை. வெட்கப்படுகிறான் போல. தோழன் பின்னால் வருகிறான் என்ற தைரியத்தில் அசானே கோடரியைத் தோள் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தான்.

“ப்ர்ர்ர்ர்… ஹ்ம்.”

பக்கத்தில் வந்திருந்தது. சுத்தமான அழைப்பு. நாக்கு உருண்டது, எச்சில் தெறிக்கவில்லை, ஒரு பிசிறு இல்லை.

அசானே நின்றான்.

லஜாபுவுக்கு முன்பல் இல்லை.

திரும்ப வேண்டும் என்று நினைத்தான். திரும்பவில்லை. திரும்பினால் அது இருக்கும். திரும்பாவிட்டால் அது லஜாபுவாகக்கூட இருக்கலாம். அப்படி ஒரு மடத்தனமான யோசனையைப் பிடித்துக்கொண்டு கால் தானாக முன்னால் போனது. பறவை முன்னால். அந்தச் சத்தம் பின்னால். நடுவில் அவன்.

மரங்கள் விலகின. ஒரு பொந்தன்புளி மரம், பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாது. அடிமரத்தில் ஆள் நுழைகிற பொந்து. அதற்குள் இருட்டு. தேனீ ஒன்றுகூட இல்லை.

மரத்தில் சுவெதியின் கோடரி சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் அவன் தேன் பிடிக்கிற மஞ்சள் கேன். பக்கத்தில் டயர் செருப்பு, இரண்டும் ஜோடியாக, பள்ளிவாசல் படியில் விட்டமாதிரி. ரத்தம் இல்லை. எதுவும் கலைந்திருக்கவில்லை.

“சுவெதி,” என்றான்.

தரையில் மூன்று இலை. வாடியிருந்தன. காம்பு மூன்றும் வெளிப்பக்கம்.

இலைமேல் வெளிர்மஞ்சளாக ஒரு கட்டி. மெழுகு! கூடு கிடைத்திருக்கிறது, பறவைக்குக் கூலி வைத்திருக்கிறான், பைத்தியக்காரப் பயல், அவன் உயிரோடுதான் இருக்கிறான். அசானே மண்டியிட்டுத் தொட்டான். வெயிலுக்கு இளகியிருந்தது. விரலில் ஒட்டியது. மெழுகு இப்படி இளகாது. மெழுகுக்கு இந்த வாசனை கிடையாது. இது கொழுப்பு.

கட்டிக்குள் ஒரு நீலக் கயிறு. சுவெதி கையில் கட்டியிருந்த கயிறு.

முவனாஷா சொன்னது காதில் கேட்டது. சும்மா மட்டும் வராதீங்க. சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தான். களிக்கு அடியில், மடித்து மடித்துச் சின்னதாக்கி, பிணத்தைச் சுற்றுகிற வெள்ளைத் துணி இருந்தது. காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அசானே துணியை விரித்தான். “மன்னிச்சுருடா தம்பி. வா, வீட்டுக்குப் போவோம்.” இலையோடு சேர்த்து, தரையில் சிந்தாமல், இரண்டு கையாலும் எடுத்து வைத்தான்.

துணியை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தான்.

கிளை முழுக்கச் சேகோ. இருபது இருக்கும், முப்பது இருக்கும். எல்லாம் கொழுத்தவை. ஒன்றும் சடசடக்கவில்லை. எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. சுவெதி சொன்னது நினைவுக்கு வந்தது.

வேற ஆளத் தேடிக்கப் போவுது, பாரு.

அவனுக்கு இரண்டடி தள்ளி, தரையில், இன்னும் மூன்று இலை. அவன் வரும்போது அவை அங்கே இல்லை. காம்பு வெளிப்பக்கம். காம்பின் நுனியில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் பறித்தவை.

இலைமேல் ஒன்றும் இல்லை.

காலையிலிருந்து அவனைக் கூட்டிவந்த பறவை கிளையிலிருந்து இறங்கி, அந்த வெற்று இலைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. காத்திருந்தது.

அசானேயின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அசானேயின் சொந்தக் குரலிலேயே, யாரோ கூப்பிட்டார்கள்.

“ப்ர்ர்ர்ர்… ஹ்ம்.”